இங்கே பாருங்கள்

“இங்கே பாருங்கள். இதிலிருந்து இதை எடுத்துவிட்டால் மீதி எவ்வளவு?”

2020 ஜூன் மாதத்து இரண்டாவது வாரம். திருவனந்தபுரம் ஆரியசாலையில், சாலைக் கடைத்தெருவிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், கீழே கோடவுனும் மேலே குடித்தனமுமாக இருக்கும் கட்டிடத்தின் மாடிப் போர்ஷன். அரிசி டப்பாவில் சாய்த்து வைத்த செல்போனுக்குள்ளிருந்து டீச்சர் கேட்கிறார். போனுக்கு முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கும் பத்து வயதுச் சிறுமி முகத்தைச் சற்று பக்கவாட்டில் திருப்பி, காதைப் போனுக்குக் கொடுத்திருக்கிறாள். அவளுக்குப் பார்வை இல்லை.

“அம்மா, எதிலேருந்து எதை எடுக்காங்க?”

அம்மா அடுப்படியில் தோசை வார்த்துக் கொண்டிருந்தார். கரண்டியோடு ஓடி வந்து பார்த்தார். “ஒரு பலகை மாதிரி வரைஞ்சிருக்கு மக்களே. நாலு துண்டு. ஒண்ணுக்கு மட்டும் கலர் அடிச்சிருக்கு.” அதைச் சொல்லி முடிப்பதற்குள் டீச்சர் அடுத்த கணக்குக்குப் போய்விட்டார். தோசை கருகிவிட்டது.

அந்தக் கருகிய தோசைதான் பிறகு பாடமானது. அம்மா அதைத் தட்டில் போட்டு, கத்தியால் நாலாக வெட்டி, மகளின் கையை எடுத்து ஒவ்வொரு துண்டின் மீதும் வைத்தார். ஒன்றைப் பிய்த்துத் தின்னச் சொன்னார். மீதி? நாலில் மூன்று. “இதைத்தான் அவ்வளவு நேரமா சொன்னாங்களா?” என்று கேட்டாள் சிறுமி.

கேரள அரசின் ‘ஃபர்ஸ்ட் பெல்’ ஆன்லைன் வகுப்புகள் 2020 ஜூன் 1-ஆம் தேதி கைட் விக்டர்ஸ் சானலில் தொடங்கின. கொரோனா பள்ளிகளை மூடியிருந்த நேரத்தில் நாட்டின் பல மாநிலங்கள் என்ன செய்வதென்று கையைப் பிசைந்து கொண்டிருக்க, கேரளத்திடம் கையில் ஒரு சானல் தயாராக இருந்தது. எடுசாட் செயற்கைக்கோளின் துணையோடு 2005-இல் அப்போதைய ஜனாதிபதி அப்துல் கலாம் தொடங்கி வைத்தது அது. தும்பாவில் ராக்கெட் விட்ட காலத்தில் அவர் இதே ஊரில் இருந்தவர். தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கான பாடங்கள் யூடியூபில் வந்தன. ஏற்பாட்டைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ‘இதோ’, ‘இங்கே’, ‘இந்தப் படத்தில்’ ஆகிய மூன்று சொற்கள் இல்லாமல் எந்த டீச்சராலும் பாடம் நடத்த முடியவில்லை. வகுப்பறையில் இதே சொற்கள் வரும்போது பக்கத்து பெஞ்சுச் சிநேகிதி காதோடு காதாக விளக்கம் சொல்லிவிடுவாள். அந்தச் சிநேகிதி இப்போது தன் வீட்டில், தன் போனுக்கு முன்னால்.

ஆரியசாலை, திருவனந்தபுரத்தில் தமிழ் கேட்கும் இடங்களில் ஒன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ் உருவாக்கியது சாலைக் கடைத்தெரு. கிழக்கேக் கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் அந்த ஒரே தெருவில் அரிசி, பருப்பு, மிளகு, பாத்திரம், பூ எல்லாம் கிடைக்கும். திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கத்துக் குடும்பங்கள் தலைமுறைகளாக இங்கே வியாபாரம் செய்கின்றன. கடைகளில் வேலையும் பார்க்கின்றன. 1956 நவம்பர் 1-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது இவர்கள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டார்கள். அதுவரை இரண்டும் ஒரே மாநிலத்தில்தான் இருந்தன. சிறுமியின் தாத்தா நாகர்கோவில் பக்கத்திலிருந்து மூட்டை தூக்க வந்தவர். அப்பா மல்லி, மிளகாய் மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறார். வீட்டில் தமிழ், தெருவில் இரண்டும், ஆபீஸ்களில் மலையாளம்.

சிறுமி ஏழாவது மாதத்திலேயே பிறந்தவள். குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து பார்வையைப் பறித்துவிடும் ஆபத்து உண்டு. பிறந்து முப்பது நாளுக்குள் கண்ணைச் சோதித்துவிட்டால் பெரும்பாலும் லேசர் சிகிச்சையால் காப்பாற்றிவிடலாம். அந்த முப்பது நாளும் குழந்தையின் எடை கூடுகிறதா என்பதே எல்லோருடைய கவலையாகவும் இருந்தது. கண்ணைப் பற்றி அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. இதைப் பேசும்போது மட்டும் அம்மாவின் குரல் இறங்கிவிடுகிறது. மற்றபடி, நடந்ததை நினைத்து உட்கார்ந்திருக்கும் ரகமல்ல அவர். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அவர், மகளுக்காக முப்பது வயதில் பிரெயில் கற்றுக் கொண்டார். விரலால் அல்ல, கண்ணால். வெள்ளைத் தாளில் வெள்ளைப் புள்ளிகளைச் சாய்வாக வெளிச்சத்தில் பிடித்துப் படிப்பார்.

ஆறே புள்ளிகள். ஆறு முட்டை வைக்கிற அட்டைத் தட்டில் எலுமிச்சம்பழங்களை வைத்தும் எடுத்தும்தான் மகளுக்கு எழுத்துகளைச் சொல்லிக் கொடுத்தார். முதல் குழியில் மட்டும் பழம் இருந்தால் ‘அ’. ஸ்லேட்டில் ஊசியால் குத்தி எழுதுவது இன்னும் சிரமம்: தாளின் பின்பக்கத்தில் குத்த வேண்டும் என்பதால் வலமிருந்து இடமாக, கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி எழுத வேண்டும். சிறுமிக்கு அது ஒரு வாரத்தில் பழகிவிட்டது. அம்மாவுக்கு இன்னும் திணறல்தான்.

இந்தப் புள்ளிகளில் ஒரு விசேஷம் உண்டு. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக 1951-இல் ‘பாரதி பிரெயில்’ முறை ஏற்கப்பட்டபோது, ஒரே ஒலிக்கு ஒரே புள்ளிகள் என்று வைத்தார்கள். தமிழ் ‘க’வுக்கும் மலையாள ‘க’வுக்கும் புள்ளிகள் ஒன்றே. ‘ழ’வும் அப்படியே. பார்வையுள்ள பிள்ளை இரண்டு மொழிக்கும் தனித்தனி எழுத்துகளைப் படிக்க வேண்டும். இவளுடைய விரலுக்கு 1956-இல் போட்ட கோடு தெரிவதே இல்லை. ஐந்தாம் வகுப்பு வருவதற்குள் மலையாளப் பாடத்தைத் தமிழைப் போலவே தடவிப் படித்தாள். அண்ணன் ஏழாம் வகுப்பிலும் மலையாள எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்துக் கொண்டிருந்தான்.

போனுக்குள் இருக்கும் பேசும் வசதியை அவளுக்குக் காட்டிக் கொடுத்தது வாரம் ஒரு முறை வந்து போகும் சிறப்பு ஆசிரியை. ஆண்ட்ராய்டு போனில் ‘டாக்பேக்’ என்பதை இயக்கிவிட்டால் திரையில் விரல் படும் இடத்தில் இருப்பதையெல்லாம் அது வாசித்துச் சொல்லும். பள்ளிகள் மூடிய பிறகு அந்த ஆசிரியையும் போனிலேதான் வந்தார். முதல் பத்து நாட்கள் வீடே திருவிழாவாக இருந்தது. யார் கூப்பிடுகிறார்கள், மணி என்ன, சார்ஜ் எவ்வளவு என்று எல்லாவற்றையும் சிறுமி அறிவித்துக் கொண்டிருந்தாள்.

பிறகுதான் உண்மை தெரிந்தது. பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் வரும் நோட்ஸெல்லாம் கையால் எழுதிப் போட்டோ எடுத்தவை. போட்டோவைப் பேசும் போனால் அப்போது படிக்க முடியவில்லை. ‘படம்’ என்று மட்டும் சொன்னது. ஒரு நாளைக்குப் பதினாலு முறை ‘படம்’. டைப் செய்து அனுப்பப்பட்ட ஒரு பாடமாவது சரியாக இருக்கும் என்று ஆசையோடு திறந்தார்கள். அதில் போன் எதையெதையோ உளறியது. எழுத்தெழுத்தாக நகர்த்திக் கேட்டபோது, “ஜே, கே, பி, ஓ, செமிகோலன்” என்றது.

“இது என்ன பாஷை அம்மா?”

அம்மா திரையைப் பார்த்தார். அந்த இடத்தில் அழகாக ‘தமிழ்’ என்று இருந்தது.

இதில் மாயம் ஒன்றுமில்லை. யூனிகோடு வருவதற்கு முன் செய்யப்பட்ட தமிழ் எழுத்துருக்கள் பலவும் ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வேஷம் போட்டவை. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்பதன் உள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ, ஒரு செமிகோலன். கண்ணுக்குத் தெரிவது வேஷம். கம்ப்யூட்டருக்குத் தெரிவது உள்ளே இருக்கும் ஆள். தமிழ்நாடு அரசு 2010-இலேயே யூனிகோடை ஏற்று ஆணை போட்டது. ஆனாலும் டி.டி.பி. சென்டர்களிலும் பள்ளி ஆபீஸ்களிலும் பழைய எழுத்துருக்கள் சாகவில்லை. பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான் என்பதால் மாற்ற வேண்டிய அவசரம் யாருக்கும் இல்லை. அவசரம் இருந்தது ஆரியசாலை மாடியில் இருந்த ஒருத்திக்கு.

அம்மா வகுப்பு டீச்சருக்கு போன் போட்டார். “டீச்சர், படம் எடுத்து அனுப்பாதீங்க. டைப் அடிச்சு அனுப்புங்க. இல்லைன்னா நீங்களே பேசி அனுப்புங்க.” டீச்சருக்கு வயதான மாமியார், இரண்டு குழந்தைகள், நாற்பது மாணவர்கள். நான்கு நாள் பேசி அனுப்பினார். ஐந்தாவது நாள் மறுபடியும் போட்டோ. அவரைக் கோபித்துக் கொள்ள அம்மாவுக்கு மனம் வரவில்லை. அன்றிரவே பாடப் புத்தகத்தை எடுத்துத் தானே படித்துப் பதிவு செய்ய ஆரம்பித்தார். அறிவியலில் ‘ஒளிச்சேர்க்கை’யில் மூன்று தடவை நாக்கு இடறியது. அதையும் அழிக்காமல் அனுப்பினார். பின்னணியில் கீழே லாரியிலிருந்து மூட்டை இறக்கும் சத்தம், அண்ணனின் இருமல், குக்கர் விசில்.

2020 ஜூலை 6-ஆம் தேதி திருவனந்தபுரம் நகரில் ‘டிரிபிள் லாக்டவுன்’ அமலுக்கு வந்தது. சாலைக் கடைத்தெருவே மூடியது. அப்பா வீட்டில். சம்பளம் பாதி. ஒரே போன், அதற்கு அண்ணனும் தங்கையும் போட்டி. அண்ணனுக்கு எட்டாம் வகுப்பு. ஒரு நாள் மதியம் அப்பா, “அவன் ஆம்பிளைப் பிள்ளை, நாளைக்கு வேலைக்குப் போகணும். இவ கொஞ்ச நாள் சும்மா இருந்தா என்ன?” என்று கேட்டுவிட்டார். மோசமான மனிதர் அல்ல அவர். தினமும் மகளைத் தோளில் தூக்கிப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டவர்தான். காசு இல்லாத நேரத்தில் வீடுகளில் முதலில் வெட்டு விழும் பெயர் எது என்பது எல்லோருக்கும் தெரியும். அம்மா பதில் பேசவில்லை. காதிலிருந்த கம்மலைக் கழற்றி மேஜையில் வைத்தார். அடுத்த வாரம் வீட்டில் இரண்டாவது போன் இருந்தது. மங்கலான ஸ்கிரீனோடு செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்தது. ஸ்கிரீன் யாருக்கு வேண்டும்?

அதே வருஷம் சமக்ர சிக்ஷா கேரளா ‘வைட் போர்டு’ என்ற பெயரில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கென்றே ஆன்லைன் பாடங்களைத் தயாரித்தது. அது நல்ல வேலை. பாடங்கள் மலையாளத்தில் இருந்தன. சிறுமி கேட்டாள், புரிந்துகொண்டாள், அம்மாவுக்கும் மொழிபெயர்த்துச் சொன்னாள். சமூக அறிவியலில் கேரளத்தின் ஆறுகள் வந்தபோது, கேட்டு மட்டும் ஆறு எந்தத் திசையில் ஓடுகிறது என்று பிடிபடவில்லை. அம்மா காலண்டர் அட்டையில் கேரளத்தை வரைந்து, ஓரம் முழுக்கத் துவரம்பருப்பை ஒட்டினார். மலைக்குக் கொண்டைக்கடலை. ஆற்றுக்குச் சணல். கடலுக்கு ஒன்றும் ஒட்டவில்லை, வழவழவென்று விட்டுவிட்டார். பருப்பு மண்டிகளுக்கு நடுவில் குடியிருப்பதில் இப்படியும் ஒரு லாபம். சணலைக் கொண்டைக்கடலையிலிருந்து வழவழப்பு வரை தடவிப் பார்த்துவிட்டு, “எல்லா ஆறும் மேற்கேதான் போகுதா?” என்று கேட்டாள். இல்லை, கபினி, பவானி, பாம்பாறு மூன்றும் கிழக்கே போகின்றன. அந்த மூன்று சணலும் அட்டையின் விளிம்பைத் தாண்டி வெளியே தொங்கின.

ஆறாம் வகுப்பில் ஒரு பழைய லேப்டாப் கிடைத்தது. அப்பா வேலை பார்க்கும் கடை முதலாளி கழித்துப் போட்டது. அதில் ‘என்.வி.டி.ஏ.’ என்ற மென்பொருளை ஏற்றினார்கள். திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள்கள் ஒரு காலத்தில் கணக்கெழுதுபவரின் பல மாதச் சம்பளத்தை விழுங்கும் விலையில் இருந்தன. பார்வையற்றவர்கள் அதற்கு ஏன் இத்தனை பணம் கொடுக்க வேண்டும் என்று கேட்டு, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் 2006-இல் இதை எழுத ஆரம்பித்தார்; ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். இருவருமே பார்வையற்றவர்கள். மென்பொருள் இலவசம். அதோடு வரும் ‘இ-ஸ்பீக்’ குரல் தமிழும் பேசும். தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது போலிருக்கும் அந்தக் குரலை முதல் நாள் கேட்டுவிட்டு அண்ணன் அதற்கு ‘தகரம் மாமா’ என்று பெயர் வைத்தான். பெயர் நிலைத்துவிட்டது.

டைப் செய்வதிலும் விரல்களுக்கு அதே அதிர்ஷ்டம். கேரளப் பள்ளிகளில் மலையாளத்துக்குக் கற்றுத் தருவது ‘இன்ஸ்கிரிப்ட்’ விசைப்பலகை. அதில் எந்த இந்திய மொழியானாலும் ‘க’ இருக்கும் இடம் ஒன்றுதான். மலையாளம் பழகிய கை தமிழுக்கு மாறும்போது புதிதாகத் தேட வேண்டியது மிகக் குறைவு. தமிழுக்கென்று 1999-இல் வந்த ‘தமிழ்99’ வேகமானது என்று சொல்லிக் கொடுக்க ஒருவர் முன்வந்தார். சிறுமி இரண்டு நாள் முயன்றுவிட்டு, “எனக்கு இதுவே போதும்” என்றாள்.

தகரம் மாமாவின் வேகத்தை அவள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொண்டே போனாள். எட்டாம் வகுப்பில் ஒரு நாள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். தேனீக் கூட்டம் போல ஒரு ரீங்காரம். ஒரு சொல் புரியவில்லை. “இது உனக்குப் புரியுதா?” மகள் வரலாற்றுப் பாடத்தின் ஒரு பக்கத்தை அப்படியே திருப்பிச் சொன்னாள். பிறகு மெதுவாக, “அம்மா, நீ படிச்சு அனுப்பாண்டாம். நீ ரொம்ப மெதுவாப் படிக்க” என்றாள். அன்றைக்கு அம்மாவுக்குச் சந்தோஷமா, துக்கமா என்று அவருக்கே தெரியவில்லை. மூன்று வருஷமாக இரவு பத்து மணிக்குப் பிறகு அவருடைய வேலை அதுதான். பழைய பதிவுகளை அழிக்கவில்லை. போனில் இடம் போதவில்லை என்று மெமரி கார்டு வாங்கிப் போட்டு வைத்திருக்கிறார்.

புத்தகங்கள்தான் பெரிய பஞ்சம். பாடம் கிடைத்துவிடும், கதைப் புத்தகத்துக்கு எங்கே போவது? 2012-இல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டத்தின்படி, மாற்றுத்திறனாளிகள் படிக்கும் வடிவத்துக்கு ஒரு புத்தகத்தை மாற்ற யாருடைய அனுமதியும் தேவையில்லை. 2013-இல் உருவான மராகேஷ் உடன்படிக்கையை உலகில் முதலில் உறுதி செய்த நாடு இந்தியா, 2014-இல். 2016-இல் ‘சுகம்ய புஸ்தகாலயா’ என்ற ஆன்லைன் நூலகமும் வந்தது. சட்டமும் நூலகமும் இருக்கின்றன. புத்தகத்தை உட்கார்ந்து மாற்றித் தர ஆள் வேண்டும். ஆரியசாலைப் பெண் அந்த நூலகத்தில் கிடைப்பதைப் படிக்கிறாள். கிடைக்காததை அண்ணன் விடுமுறையில் டைப் செய்து தருகிறான், ஒரு பக்கத்துக்கு ஐந்து ரூபாய் கூலிக்கு.

2025 ஜூனில் அவள் பத்தாம் வகுப்புக்கு வந்தாள். எஸ்.எஸ்.எல்.சி. தேர்வை எப்படி எழுதுவது? வழக்கமான வழி, இவள் சொல்லச் சொல்ல எழுத ஒரு கீழ் வகுப்புப் பிள்ளை. தமிழ் வழி மாணவிக்குத் தமிழில் பிழையில்லாமல் எழுதத் தெரிந்த பிள்ளையைத் திருவனந்தபுரத்தில் தேடிப் பிடிக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பரீட்சையில் வந்த பெண் நல்லவள். ஆனால் சொன்னதில் பாதியை எழுதிவிட்டு மீதியைச் சுருக்கிக் கொண்டாள். இவளுக்குத் தெரிந்தது தாளில் ஏறவில்லை. 2018 ஆகஸ்டில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், பிரெயிலா, கம்ப்யூட்டரா, எழுத்தரா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தேர்வு எழுதுபவருக்கே கொடுத்தன. மணிக்கு இருபது நிமிஷம் கூடுதல் நேரமும் உண்டு. 2022-இல் மலப்புறம் மாவட்டத்துப் பார்வையற்ற மாணவர் ஒருவர் எழுத்தர் இல்லாமல் கம்ப்யூட்டரிலேயே எஸ்.எஸ்.எல்.சி. எழுதிக் காட்டினார். “அந்தச் சேட்டன் எழுதினாருல்லா, நானும் எழுதுவேன்” என்றாள்.

அப்பாவுக்குப் பயம். “நடுவில கம்ப்யூட்டர் நின்னு போனா?”

“எழுத வர்ற பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா?”

அப்பா சிரித்துவிட்டார். ஆனால் அம்மாவுக்கு வேறு கவலை, அதுதான் சரியான கவலையும்கூட. காதால் மட்டுமே படிக்கும் பிள்ளைகளுக்கு எழுத்துப் பிழை பெருகும். தகரம் மாமாவின் வேகத்தில் ‘ல’வும் ‘ள’வும் ஒன்றாக ஒலிக்கின்றன, ‘ர’வும் ‘ற’வும் அப்படியே. லேப்டாப் வந்த பிறகு இரண்டு வருஷம் பிரெயில் புத்தகம் மூலையில் தூசி பிடித்துக் கிடந்தது. பேசும் கம்ப்யூட்டர் இருக்கும்போது புள்ளிகள் எதற்கு என்று பெரியவர்களே கேட்கிறார்கள். பார்வையுள்ள பிள்ளைகளிடம் ரேடியோ இருக்கிறதே, புத்தகம் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை.

அதனால் அந்த வருஷம் முழுவதும் அந்த வீட்டில் இரவு எட்டு மணிக்குப் பழைய வினாத்தாள். மகள் டைப் செய்வாள். அம்மா திரையைப் பார்ப்பார். கீழே லாரி வந்து நிற்கும், மிளகாய் நெடி மாடிப்படி ஏறும், இருவரும் தும்முவார்கள். முதல் நாள் ஒரு பக்கத்தில் இருபத்தி மூன்று பிழைகள். ‘பள்ளி’ இருக்க வேண்டிய இடத்தில் ‘பல்லி’ ஓடியது.

“ஏட்டி, மூணாவது வரியில ஒரு தப்பு.”

“எந்த எழுத்து?”

அம்மா சொல்லவில்லை. மூலையிலிருந்து பிரெயில் புத்தகத்தை எடுத்துத் தூசியைத் தட்டி, அந்தச் சொல் வரும் பக்கத்தைத் திறந்து மகளின் கைக்கு அடியில் நகர்த்தினார்.

“தொட்டுப் பாரு.”